சாவு மேளத்துக்கு ஒத்திகை

போன மாதம் ஒரு சாவு ஊர்வலத்தில் நடந்தேன். முன்னால் தப்பும் உருமியும். நடுவில் கோடிச் சேலை வைத்த தட்டு. பின்னால் அழுதுகொண்டே சொந்தக்காரர்கள். எல்லாம் முறைப்படிதான் இருந்தது. ஒரே ஒரு குறை – செத்துப்போனதாக நாங்கள் நினைத்த அம்மா தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, ‘இவர்கள் யார் வீட்டுக்குப் போகிறார்கள்?’ என்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் அன்றைக்குச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட உட்கார்ந்தவன், ஒரு வாய்கூட வைக்காமல் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அதனால்தான் இந்த வாரம் வழக்கமான பஸ் புராணத்தையும் பக்கத்து வீட்டுப் புராணத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் யோகராஜைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை செல்வியின் கணவர். நிவித்திகலைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சங்கீத வாத்தியார். பாட்டு சுமார்தான். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்வேன், அவரும் ஒப்புக்கொள்வார். ஆனால் தாளம்? அந்த மனுஷனின் விரல்கள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பஸ் சீட், பால்மா டின், சோற்றுப் பானை மூடி… எது கிடைத்தாலும் தட்டுவார். சாப்பாட்டு மேசையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் நம் தட்டில் குழம்பு ஆடும்.

செல்வி அதே தோட்டத்தில் புள்ளக்காம்பராவில் வேலை பார்த்தாள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் அழுதால் என்ன செய்வாய் என்று ஒருமுறை கேட்டேன். “ஒரு கிலுகிலுப்பை போதும்ணே” என்றாள். வீட்டில் பெரிய வித்துவான் இருந்தும், தோட்டத்தில் அதிகம் பேரைக் கேட்க வைத்த வாத்தியக்காரி அவள்தான்.

கொரோனா நேரத்தில் அவளைப் பறிகொடுத்தோம். இரத்தினபுரியிலிருந்து கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். ஆம்புலன்ஸ் கதவு மூடியதுதான் நாங்கள் கடைசியாகப் பார்த்தது. பிறகு மூடிய பெட்டி, நேராகச் சுடுகாடு. யோகராஜும் நானும் தூரத்தில் நின்றோம். அவ்வளவுதான் அவளுடைய சாவு வீடு.

தோட்டத்து ஆட்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. எங்கள் ஆட்களில் மேளம் இல்லாமல் யாரும் போனதில்லை. குடிகாரன் போனாலும் மேளம், ஊரையே பகைத்துக்கொண்டவன் போனாலும் மேளம். வீட்டிலிருந்து தூக்கும்போது ஓர் அடி, பாதையில் ஓர் அடி, குழிமேட்டில் ஓர் அடி. காது தேர்ந்தவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே பிணம் எந்த வளைவில் போகிறது என்று சொல்லிவிடுவார்கள். செல்விக்கு அந்த அடி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. “மேளமில்லாம போயிட்டாளே” என்று லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண்கள் இன்றைக்கும் சொல்லி அழுவார்கள். ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள், பாவம்.

இந்த வருட ஆரம்பத்தில் யோகராஜ் போன் பண்ணினார்.

“மச்சான், செல்விக்கு ஒன்னு செய்யப்போறேன்.”

“அன்னதானமா?”

“இல்ல மச்சான். மேளம்.”

முழுக்க முழுக்கத் தாள வாத்தியங்கள். பாட்டு இல்லை, குழல் இல்லை. மூன்று தப்பு, ஓர் உருமி, அவருடைய டோலக். அத்தோடு பக்கத்துச் சிங்களக் கிராமத்து மேளக்காரர் சுனிலின் தவுல். சப்ரகமுவ மாகாணத்தில் பிறந்துவிட்டுத் தவுல் இல்லாமல் மேளம் கட்டினால் மழை இல்லாத இரத்தினபுரி மாதிரி இருக்கும் என்றார். எல்லாவற்றுக்கும் முதலில் ஒரே ஒரு கிலுகிலுப்பை.

செல்வியின் வாழ்க்கையை அடி அடியாகக் கட்டிக்கொண்டு போனார். கிலுகிலுப்பையில் தொடங்கி, அதன் தாளத்தை முதலில் ஒரு தப்பு மெல்லப் பிடிக்கும். அப்புறம் சடங்கு மேளம். அப்புறம் பெரட்டு – காலையில் வேலைக்கு ஆள் கூப்பிட அந்தக் காலத்தில் அடித்த அடி. அதன்மேல் சுனிலின் தவுல் குறுக்கே நடக்கும். திருவிழா. கல்யாணம். கடைசியில் சாவு மேளம், குழிமேடு வரைக்கும். அவளுக்குக் கிடைக்காமல் போன அத்தனை அடியும்.

அடுத்த முறை நேரில் பார்த்தபோது வாசித்துக் காட்டச் சொன்னேன். மேசையில் விரலாலேயே வாசித்தார். கல்யாண அடி வந்தபோது எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், சாவு அடியில்தான். தோட்டத்துத் தப்புக் குழுவுக்குத் தலைவர் கந்தசாமி அண்ணன். எதற்கும் இல்லை என்று சொல்லாதவர், இதற்கு மட்டும் தலையை ஆட்டினார்.

“சாவு இல்லாம சாவு அடி அடிக்கிறதில்லைங்க சார். அது கூப்புடுற அடி. சும்மா அடிச்சா யாரையாச்சும் கூப்புட்டுப்புடும்.”

யோகராஜ் சுனிலைப் பார்த்தார். அந்தப் பக்கமாவது ஆதரவு கிடைக்காதா என்றுதான். சுனிலும் கையை விரித்துவிட்டார். “மல பெர நிகங் கஹன்ன பே சர்.” அவர்கள் ஊரிலும் அதே கதைதான், சாவு மேளத்தைச் சும்மா அடிக்க மாட்டார்கள். தமிழனும் சிங்களவனும் இவ்வளவு லேசாக ஒத்துப்போய் நான் பார்த்ததே இல்லை.

யோகராஜ் விடவில்லை: “சாவு நடந்துருச்சிண்ணே. அடிதான் நடக்கல.”

முதலில் சூடம் கொளுத்திக் கும்பிடவேண்டும், அப்புறம் அடிக்கலாம் என்று கந்தசாமி அண்ணன் ஒத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குக் கீழே இருக்கிற மைதானத்தில் ஒத்திகை. யோகராஜ் பொறுப்பான மனுஷன். ஆபீசில் சொல்லிவிட்டார். கோயில் கமிட்டியிடம் சொல்லிவிட்டார். சுற்றியிருக்கிற லயங்களில் வீடு வீடாகப் போய், “சாவு மேளம் கேக்கும், பயந்துறாதீங்க, பிராக்டிஸ்தான்” என்றும் சொல்லியிருந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் மேல் டிவிஷனில் மட்டும் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் கேட்காதாம். சத்தத்தையே தொழிலாக வைத்திருக்கிற ஆள் போட்ட கணக்கு அது!

மேல் டிவிஷனில் ராசம்மாக்கா என்று ஓர் அம்மா. ஆஸ்பத்திரியில், “இனி வீட்டுல வச்சே பாத்துக்குங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியுமே. தோட்டமே அந்த வீட்டுப் பக்கம் ஒரு காதை வைத்துக்கொண்டுதான் இருந்தது.

அந்த ராசம்மாக்காவுக்கு ஒரே ஒரு தம்பி. பெயர் செல்லையா, கஹவத்தைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கிறார். இருவருக்கும் வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை கிடையாது. அக்கா தன் மகனுக்குத் தம்பி மகளைக் கேட்டுப் போயிருக்கிறார். தம்பி உள்ளே கூப்பிடாமல், வாசலிலேயே வைத்து இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பெண்ணும் எங்கோ கட்டிக்கொண்டு போய்ப் பிள்ளையும் பெற்றாகிவிட்டது, அந்தப் பையனும் வேறொருத்தியைக் கட்டிச் சந்தோஷமாக இருக்கிறான். பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் அந்த வாசலை விட்டு இன்னும் நகரவில்லை. நம் வீடுகளில் இது புதுசா என்ன?

சரி, ஒத்திகை. மழை ஈரத்தில் தப்புத் தோல் தொய்ந்துபோகும் என்பதால் ஓரத்தில் நெருப்பு மூட்டிக் காய்ச்சிக் காய்ச்சி வாசித்தார்கள். காலையிலேயே ஒரு தடவை சாவு அடி அடித்துப் பார்த்தார்கள். அடித்த கொஞ்ச நேரத்தில் மேல் டிவிஷனிலிருந்து யாரோ கஹவத்தைக்குப் போன் போட்டிருக்கிறார்கள். “மேளம் கேக்குது, ஒங்க அக்கா போயிருச்சி போல.” அந்தப் ‘போல’ வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டது. செல்லையா அண்ணன் காதுக்கு “ஒங்க அக்கா போயிருச்சி” மட்டும்தான் போய்ச் சேர்ந்தது.

அக்காள் செத்தால் பொறந்த வீட்டுக் கோடி போகவேண்டும். தம்பி கொண்டுவந்து போர்த்தாமல் பிணத்தைத் தூக்க மாட்டார்கள். எவ்வளவு பெரிய சண்டையாக இருந்தாலும் இதற்கு மட்டும் வந்தே ஆகவேண்டும். வராவிட்டால் அது ஏழு ஊருக்கும் கேவலம். செல்லையா அண்ணன் டவுனில் கடை திறக்க வைத்துக் கோடிச் சேலையும் மாலையும் வாங்கிக்கொண்டு, மனைவியோடு த்ரீவீலரில் வந்து எங்கள் மைதானத்துப் பக்கத்தில் இறங்கினார்.

அப்போதுதான் நாங்கள் இரண்டாவது தடவையாகச் சாவு அடியைத் தொடங்கியிருந்தோம்.

அடுத்து நடந்ததை எங்கள் ஆட்களால் மட்டும்தான் செய்ய முடியும். கோடித் தட்டோடு ஆள் வந்தால் மேளக்காரர்கள் எதிரே போய் அழைத்து வரவேண்டும். அது முறை. கந்தசாமி அண்ணன் தட்டைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். மார்பில் அடித்துக்கொண்டு வருகிற செல்லையா அண்ணனைப் பார்த்தார். ‘ஐயோ, ராசம்மாக்கா நிஜமாகவே போய்விட்டாரே’ என்று நினைத்து, அடியை நிறுத்தாமலே எதிரே நடந்தார். பின்னாலேயே மற்றவர்களும். மேளமே எதிரே வந்து அழைப்பதைக் கண்டதும் செல்லையா அண்ணனுக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் போய்விட்டது. கோடியைப் பார்த்து மேளம் நம்பியது, மேளத்தைப் பார்த்துக் கோடி நம்பியது. நான்? இரண்டையும் பார்த்து நம்பினேன். சுனில் தவுலை மாட்டிக்கொண்டே, “ராசம்மா அக்கா நெதி வுணாத?” என்று என்னிடம் கேட்டார். ஆமாம், போய்விட்டார் என்று தலையாட்டினேன். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் ஆட்டினேன்.

ஓடையைத் தாண்டி மலையேறினோம். செல்லையா அண்ணன் வழிநெடுகச் சொல்லி அழுதார்.

“பொண்ணு கேட்டு வந்தவள வாசல்ல நிக்க வச்சனே… ஒரு வாய் தண்ணி குடுக்கலயே… ஒக்காருன்னு சொல்லலயே அக்கா…”

அவர் மனைவி தட்டைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி பாடிக்கொண்டே வந்தார். கேட்டுக்கொண்டு நடந்த எனக்கும் கண் கலங்கியது. மேளம் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும், இதுதானே செல்விக்குக் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

கடைசி வளைவு திரும்பினால் வாசலில் ராசம்மாக்கா.

முதலில் கந்தசாமி அண்ணனின் தப்பு நின்றது. அப்புறம் தவுல். உருமிக்காரர் குனிந்த தலை நிமிராமல் வந்ததால் அவருக்கு மட்டும் விஷயம் தெரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. ஒப்பாரி பாதி வரியில் அறுந்தது.

ராசம்மாக்கா மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: “யாருக்குடா கோடி?”

செல்லையா அண்ணன் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். “ஒனக்குத்தான்கா.”

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. மகள் ஓடிவந்து முதுகைத் தடவினாள். இருமல் அடங்கியதும் அழுகை வந்தது.

“உசுரோட இருக்கயில ஒரு எட்டு வர முடியல ஒனக்கு. செத்தா மட்டும் மொத ஆளா வருவியா?”

“ஒவ்வொரு தீவாளிக்கும் வரணும்னுதான்கா நெனப்பேன். என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றது?”

“இப்ப கொண்டாந்த மூஞ்சியத்தான்.”

செல்லையா அண்ணன் மனைவி சத்தமில்லாமல் தட்டைப் பின்னால் மறைக்கப் பார்த்தார். ராசம்மாக்கா விடவில்லை. “அத ஏன் ஒளிக்கிற? கொண்டா.” சேலையை வாங்கி மடியில் வைத்துத் தடவினார். சாவுக்கு வாங்கியதைத் தொடக்கூடாது என்று மகள் தடுத்தாள். “எம் பொறந்த வீட்டுச் சீல. தீவாளிக்குக் கட்டிக்குவேன்” என்றார். தீபாவளிக்கு எத்தனை மாதம் இருந்தது என்று யாரும் வாய்திறக்கவில்லை.

எல்லோருக்கும் பிளேன்டீயும் கருப்பட்டித் துண்டும் வந்தன. சாவு மேளம் அடித்துக்கொண்டு போன வீட்டில் செத்தவர் கையால் டீ வாங்கிக் குடித்தவர்கள் இந்த நாட்டிலேயே நாங்கள் மட்டும்தான் இருப்போம். கந்தசாமி அண்ணன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

யோகராஜ் முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். நடந்ததைச் சொன்னார். தன் மனைவிக்காகக் கட்டிய மேளம், தன்னுடைய பிழை, மேல் டிவிஷனுக்கு வந்து சொல்லியிருக்கவேண்டும் என்றார்.

“பரவால்ல தம்பி” என்றார் ராசம்மாக்கா. “காலையில இருந்து கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன். நல்லாத்தான் அடிச்சாங்க. ஒங்க சம்சாரம் கேட்டிருந்தா சந்தோசப்பட்டிருக்கும்.”

சாதாரணமாகச் சொன்ன வார்த்தை. சாவு வீட்டில், திதி வீட்டில் எல்லோரும் சொல்வதுதான். யோகராஜின் முகம் மட்டும் மாறிவிட்டது. டீயைக் கீழே வைத்துவிட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தார். நான் பின்னால் ஓடினேன்.

ஓடைப் பாலத்தில் நின்றார். அட்டை ஒன்று அவர் காலில் ஏறிக்கொண்டிருந்தது. தட்டிவிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

“கேட்டா மச்சான்” என்றார்.

“என்ன?”

“செல்வி கேட்டா. ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணி. ‘நம்ம கல்யாணத்துல நீங்களே ஒக்காந்து வாசிச்சீங்களே, அந்த அடிய வாசிங்க, கேக்கணும்’னு சொன்னா. டோலக் பக்கத்துலதான் இருந்துச்சி.”

எனக்கு அந்தக் கல்யாணம் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை மாலையோடு மேடையை விட்டு இறங்கி மேளக்காரரிடமிருந்து வாங்கி வாசித்து, எங்கள் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கல்யாணம்.

“வாசிச்சீங்களா?”

“இல்ல. ‘போன்ல பேஸ் சத்தம் வராது செல்வி. டப்பா தட்டுற மாதிரி இருக்கும். வீட்டுக்கு வா, நல்லா வாசிக்கிறேன்’னு சொல்லிட்டேன்.”

அதற்கு அடுத்த நாள் அவளால் பேச முடியவில்லை.

தங்கையின் மேல் உயிரையே வைத்திருந்த மனுஷன். வாசிக்க மாட்டேன் என்றா சொன்னார்? நன்றாக வாசிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார், அவ்வளவுதான். அவளுக்குக் குறைவாக எதையும் கொடுக்கக்கூடாது என்று நினைத்தார். அந்த நினைப்பால் ஒன்றுமே கொடுக்க முடியாமல் போய்விட்டது. அந்தப் பாலத்தில் நின்று அவர் அழுததைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. எங்கள் எல்லோர் மேலும்தான் வந்தது. நல்ல நாள் பார்க்கிறோம், நல்ல மூஞ்சி தேடுகிறோம், நல்ல சத்தம் வரட்டும் என்று காத்திருக்கிறோம். எதிரே இருக்கிறவர்களுக்கு அதெல்லாம் தேவையே இல்லை. இது தெரிந்துதான் இருக்கிறது. தெரிந்து என்ன செய்தோம்?

ராசம்மாக்கா வீட்டுக்குப் பிழையாகப் போன மேளம் சரியான நேரத்துக்குப் போனது. செல்லையா அண்ணன் அன்றைக்குத் திரும்பிப் போகவில்லை. இரண்டு நாள் தங்கினார். இப்போது ஞாயிறு தவறாமல் வருகிறாராம். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. பொறாமைப்படக் கூடாத இடத்தில்தான் மனுஷனுக்கு அது அதிகம் வரும்போல.

அடுத்த ஒத்திகையில் யோகராஜ் முதல் வேலையாகச் சாவு அடியை எடுத்துவிட்டார். கந்தசாமி அண்ணனுக்கு நிம்மதி. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

“அப்ப அந்தப் புள்ளைக்கு மேளம், சார்?”

“அவ கேட்டத மொதல்ல குடுத்துர்றேன்ணே.”

கடந்த சனிக்கிழமை செல்வியின் திதி. பள்ளிக்கூட மண்டபம் நிறையக் கூட்டம். செல்வி புள்ளக்காம்பராவில் தூக்கி வளர்த்த பிள்ளைகளெல்லாம் இப்போது யூனிபோர்ம் போட்டு முன்வரிசையில் இருந்தார்கள். கிலுகிலுப்பையைச் சுனில்தான் வாசித்தார். அத்தனை பெரிய கையில் அவ்வளவு சின்னச் சாமானைப் பார்த்து முதலில் சிரித்த பெண்கள், தப்பு அந்தத் தாளத்தைப் பிடித்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். சடங்கு வந்தது. பெரட்டு வந்தது. திருவிழாவில் உருமியும் தவுலும் மோதிக்கொண்டபோது மண்டபத்துத் தகரமே அதிர்ந்தது.

கல்யாண அடிக்கு மற்றவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். டோலக் மட்டும் தனியாக. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார் யோகராஜ். என் தங்கை கேட்ட அடி. அவருக்கு மாலை போட்ட அன்றைக்கு வாசித்த அதே வேகம். நன்றாக இருந்தது. இவ்வளவு நன்றாக இருக்கவேண்டுமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

வாசித்துக்கொண்டே இருந்தவர், நடுவில் ஓர் இடத்தில் கையைத் தோலின்மேல் வைத்து நிறுத்திவிட்டார். முத்தாய்ப்பு இல்லை, மூன்றுமுறை அடித்து முடிக்கிற வழக்கமும் இல்லை. மண்டபம் காத்திருந்தது. கைதட்டலாமா கூடாதா என்று ஆளை ஆள் பார்த்தார்கள்.

கடைசியில் முன்வரிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழுந்து கேட்டாள்.

“முடிஞ்சிருச்சா சார்?”

“முடியலம்மா” என்றார் யோகராஜ். “எங்கிட்ட இவ்வளவுதான் இருக்கு.”